டி-ரெக் அதிகம் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் தம்பிக்கு 34 வயது. ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து இப்போது ரெமிஷனில், அதாவது வழக்கமான டெஸ்டில் நோய் தெரியாத நிலையில் இருக்கிறார். அடுத்த மாதம் பாதிப் பொருத்தத்தில் போன் மேரோ டிரான்ஸ்பிளான்ட். டோனர் நீங்கள்தான். ஓர் ஆராய்ச்சிக்காக எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டில் 'டி-ரெக் அதிகம்' என்று பார்த்தீர்கள். டி-ரெக் என்பது மற்ற எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும் ஒருவகை டி செல். தேடிப் பார்த்தால், இந்தச் செல்கள் புற்றுநோய்க்குக் குடைபிடிக்கின்றன என்று வந்திருக்கிறது. அதனால் மூன்று கேள்விகள்: இவற்றைக் கொல்ல மருந்து உண்டா? எதிர்ப்பு சக்தி கூட சீந்தில் பொடி கொடுக்கலாமா? உங்கள் உடம்பில் இருக்கும் டி-ரெக் அவருக்குள் போனால் ஆபத்தா?

நான் டாக்டர் இல்லை. பல வருடங்களாக ஃப்ளோ சைட்டோமெட்ரி லேபில் இந்தச் செல்களை எண்ணுகிற வேலை பார்ப்பவன். சிகிச்சை முடிவு உங்கள் டாக்டருடையது. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் எண் எப்படி வருகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நான் சொல்ல முடியும்.

பதிலை முன்னாலேயே வைத்துவிடுகிறேன். பொடி வேண்டாம். அந்த ஒரு எண்ணை வைத்து இப்போது எந்த மருந்தும் கேட்க வேண்டாம். உங்கள் டி-ரெக் தம்பிக்குள் போவதில் ஆபத்து இல்லை. அது போக வேண்டும், போய்ப் பிழைத்து நிற்கவும் வேண்டும். ஏன் என்பதுதான் மீதிக் கதை.

எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான நம் டி செல்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வருகின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடிய செல்கள் அங்கேயே அழிக்கப்பட வேண்டும், ஆனால் கொஞ்சம் தப்பித்து வந்துவிடும். அவற்றை வெளியே அடக்கி வைப்பது யார் என்பதற்கு வெகுகாலம் பதில் இல்லை. 1969-ல் ஜப்பானில் நிஷிசூகாவும் சகாகுராவும் பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு: அந்த எலிகளின் சினைப்பைகள் அழிந்துபோயின. உடம்பு தன்னையே தின்றிருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போன ஷிமோன் சகாகுச்சி, 1995-ல் சிடி25 என்ற அடையாளத்தைச் சுமக்கும் ஒரு சிறு கூட்டம் டி செல்கள்தான் அந்த அடக்கும் வேலையைச் செய்கின்றன என்று காட்டினார். அவைதான் டி-ரெக். அந்தச் செல்களை நீக்கிவிட்டு மற்ற டி செல்களை மட்டும் எலிக்குக் கொடுத்தால் தன்னுடல் தாக்குநோய் வந்தது. நீக்கியதைத் திரும்பச் சேர்த்தால் வரவில்லை.

அப்புறம் மரபணு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940-களில் ஒரு விசித்திரமான எலி வகை பிறந்தது. ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், மண்ணீரல் வீங்கும், சில வாரங்களில் செத்துவிடும். அதற்குக் காரணமான மரபணுவை 2001-ல் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபாக்ஸ்பி3. அதே மரபணு கெட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற நோய் வருகிறது: கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி. டி-ரெக் செல்லை டி-ரெக் ஆக்குவதே ஃபாக்ஸ்பி3 என்று 2003-ல் உறுதியானது. 2025-ன் மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும்தான் கிடைத்தது.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. டி-ரெக் வில்லன் என்று படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அது முற்றிலும் இல்லாத குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தால், 'கொல்ல மருந்து உண்டா' என்று கேட்பதற்கு முன் கொஞ்சம் நிற்போம்.

சரி, புற்றுநோயில் இவை என்ன செய்கின்றன? டி செல்களுக்கு ஐஎல்-2 என்ற புரதம் சோறு மாதிரி. அது இல்லாமல் அவை பெருகாது. டி-ரெக் தானாக ஐஎல்-2 செய்வதில்லை, ஆனால் சிடி25 என்பது அதைப் பிடிக்கும் கொக்கியின் ஒரு பகுதி. அந்தக் கொக்கி டி-ரெக் மேல் ஏராளம். மற்ற செல்கள் சமைத்த சோற்றை இவை முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடும், தாக்க வேண்டிய செல்கள் பட்டினி கிடக்கும். இன்னொரு வழி, டி-ரெக் மேல் இருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம். 'எதிரி இவன்தான்' என்று டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்லின் மேல், 'தாக்கு' என்று சொல்லும் இரண்டு மூலக்கூறுகள் உண்டு. டி-ரெக் வந்து சிடிஎல்ஏ-4 மூலம் அவற்றைப் பிய்த்துத் தனக்குள்ளே இழுத்துக்கொள்ளும். இவை போக ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா, அடினோசின் என்று அமைதிப்படுத்தும் வேதிப்பொருட்களும் உண்டு. லுகேமியா செல் பக்கத்தில் இப்படி ஒரு கூட்டம் நின்றால் அதற்கு வசதிதான்.

ரத்தப் புற்றுநோயில் ஒரு விசேஷம் இருக்கிறது, அது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும். நுரையீரல் கட்டியோ குடல் கட்டியோ, டி-ரெக் செல்களை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். எலும்பு மஜ்ஜையில் அவை ஏற்கெனவே குடியிருக்கின்றன. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் வாழ்நாள் முழுக்க ரத்தம் உற்பத்தி செய்பவை. அவற்றைச் சுற்றி சண்டை மூளக்கூடாது. 2011-ல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு இதை நேரில் காட்டியது: வேற்று எலியின் ஸ்டெம் செல்களைப் போட்டால், அவை தங்கிய இடத்தை ஒட்டியே டி-ரெக் செல்களும் நின்றன, தாக்குதல் நடக்கவில்லை. டி-ரெக் செல்களை நீக்கியதும் அந்த ஸ்டெம் செல்கள் அழிந்தன. ஆக மஜ்ஜை என்பது இயல்பாகவே காவல் போட்ட அறை. லுகேமியா பிறப்பது அதே அறையில். ஸ்டெம் செல்லுக்கு விரித்த பாயில் லுகேமியா செல் படுத்துக்கொள்கிறது. போதாததற்கு, சில நோயாளிகளின் ஏஎம்எல் செல்கள் ஐடிஓ என்ற நொதியைச் சுரந்து, சாதாரண டி செல்லை டி-ரெக்காக மாற்றவும் செய்கின்றன.

ஏஎம்எல் நோயாளிகளின் ரத்தத்திலும் மஜ்ஜையிலும் டி-ரெக் கூடுதலாக இருப்பதைப் பல குழுக்கள் பார்த்திருக்கின்றன. தொடக்கத்திலேயே அதிகமாக இருந்தவர்களுக்கு முதல் கீமோ சரியாகப் பலிக்கவில்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு. நீங்கள் படித்தது பொய் இல்லை.

ஆனால் நோய்க்கு நோய் கதை மாறுகிறது. சிஎல்எல் என்ற மெதுவாக வளரும் லுகேமியாவில் டி-ரெக் கூடுகிறது, நோய் முற்ற முற்ற இன்னும் கூடுகிறது. ஃப்ளூடரபின் என்ற கீமோ மருந்து கொடுத்தால் குறைகிறது. மஜ்ஜை சரியாக ரத்தம் உற்பத்தி செய்யாத எம்டிஎஸ் நோயில் ஆபத்து குறைந்த கட்டத்தில் டி-ரெக் அதிகம் இருப்பதில்லை. லுகேமியாவாக மாறும் அபாயம் கூடிய கட்டத்தில்தான் அதிகம் தெரிகிறது. மஜ்ஜையில் வரும் இன்னொரு புற்றான மல்டிபிள் மைலோமாவில் ஒரு குழு 2006-ல் டி-ரெக் குறைவு, இருப்பதும் சரியாக வேலை செய்யவில்லை என்றது. அதே வருடம் இன்னொரு குழு அதிகம் என்றது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான், இரண்டும் நல்ல இதழில்தான் வந்தது. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நெறிக்கட்டிப் புற்றான லிம்ஃபோமாவுக்கு வந்தால் இன்னும் ஆச்சரியம். ஃபாலிகுலர் லிம்ஃபோமா நோயாளிகளின் நெறிக்கட்டித் திசுவில் ஃபாக்ஸ்பி3 செல்கள் அதிகம் இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவிலும் அப்படியே: அங்கே புற்றுச் செல்களே சிசிஎல்17, சிசிஎல்22 என்ற புரதங்களைச் சுரந்து டி-ரெக் செல்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்கின்றன. இருந்தும் ஃபாக்ஸ்பி3 செல்கள் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் பலன் மோசம். இந்தப் புற்றுகள் பிறப்பது ஆன்டிபாடி செய்யும் பி செல்லில். பி செல்லில் பிறந்த புற்றையே டி-ரெக் அடக்குவது இதற்கு ஒரு விளக்கம்.

இப்போது அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் வரும். அதில் கொஞ்சம் எடுத்து, ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளைச் சேர்ப்போம்: சிடி4-க்கு (டி செல்களில் ஒரு பெரிய வகையின் அடையாளம், டி-ரெக்கும் அந்த வகைதான்) ஒன்று, சிடி25-க்கு ஒன்று, சிடி127-க்கு ஒன்று. சிவப்பணுக்களை உடைத்துக் கழுவிவிடுவோம். ஃபாக்ஸ்பி3 செல்லின் உட்கருவுக்குள் இருப்பதால், அதைப் பார்க்க வேண்டுமென்றால் செல்லைப் பதப்படுத்தி, சுவரில் ஓட்டை போட்டு, சாயத்தை உள்ளே அனுப்ப வேண்டும். அப்புறம் செல்கள் ஒவ்வொன்றாக வரிசையில் லேசர் கதிரைக் கடந்து போகும். திரையில் ஒரு செல்லுக்கு ஒரு புள்ளி.

சிடி4 இருக்கிறதா இல்லையா என்பது திரையில் தெளிவாகத் தெரியும், இரண்டு கூட்டமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சிடி25 அப்படி இல்லை. தரையில் சிந்திய மாவைக் கையால் இழுத்துவிட்ட மாதிரி, அடர்த்தியாகத் தொடங்கி மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போகும். அதில் 'இதற்கு மேல் டி-ரெக்' என்று கோடு போடுவது மனிதக் கை. கோட்டை அரை சென்டிமீட்டர் கீழே இறக்கினால் சதவீதம் இரண்டு மடங்காகிவிடும். 2006-ல் சிடி127 குறைவாக இருப்பதும் டி-ரெக் அடையாளம் என்று தெரிந்தபின் நிலைமை சற்றுத் தேறியது. ஃபாக்ஸ்பி3-யை மட்டும் நம்பலாமா என்றால் அதுவும் சிக்கல்: எலியைப் போல அல்லாமல், மனிதர்களில் சாதாரண டி செல்லும் சண்டைக்குக் கிளம்பும்போது கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும். தாக்கப் போகிறவனையும் அடக்க வந்தவனையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும் அபாயம் இது. மைலோமாவில் இரண்டு குழுக்கள் எதிரெதிராகச் சொன்னதற்கு, யார் எந்த அடையாளத்தை வைத்து எங்கே கோடு போட்டார்கள் என்பது ஒரு பெரிய காரணம்.

உங்கள் தம்பியின் தாளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டி-ரெக்கை வழக்கமாக சிடி4 செல்களில் எத்தனை சதவீதம் என்றுதான் எழுதுவோம். ஆரோக்கியமானவருக்கு அது ஐந்திலிருந்து பத்துக்குள் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1000 சிடி4 செல்கள், அதில் டி-ரெக் 60 என்று வைத்துக்கொள்வோம். அது 6 சதவீதம். கீமோவுக்குப் பின் சிடி4 வெறும் 200, டி-ரெக் 24. இப்போது 12 சதவீதம். தாளில் 'இரண்டு மடங்கு கூடிவிட்டது' என்று தெரியும். உண்மையில் 60 இருந்த இடத்தில் 24-தான் இருக்கிறது. ஏஎம்எல் நோயாளிகளுக்குத் தீவிர கீமோ முடிந்து வெள்ளையணு திரும்பி வரும் வாரங்களில், திரும்பி வரும் டி செல்களில் டி-ரெக் பங்கு தூக்கலாக இருக்கும் என்பதும் 2011-லேயே பதிவானது. தம்பிக்கு ரத்தம் எடுத்தது எந்த நாளில்? கீமோ முடிந்து மூன்று நான்கு வாரத்துக்குள் என்றால், அந்த 'அதிகம்' என்ற வார்த்தைக்காக நீங்கள் ஒரு ராத்திரித் தூக்கத்தைக்கூட இழக்க வேண்டியதில்லை.

கொல்ல மருந்து உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். டி-ரெக்கைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஐஎல்-2 உடன் டிப்தீரியா நஞ்சை ஒட்டிய டெனிலூகின் டிஃப்டிடாக்ஸ் ஒன்று. தோலில் வரும் ஒருவகை டி செல் லிம்ஃபோமாவுக்கு அமெரிக்காவில் 1999-ல் அனுமதி பெற்றது. சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் இபிலிமுமாப் இன்னொன்று. டிரான்ஸ்பிளான்டுக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கு அதைக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2016-ல் வந்தது. அதிக டோஸ் பெற்ற 22 பேரில் 5 பேருக்கு நோய் முழுமையாக மறைந்தது, அதில் ஏஎம்எல் தோலுக்குப் பரவியிருந்தவர்களும் இருந்தார்கள். வேறு வழியே இல்லாதவர்களில் ஐந்து பேர் என்பது சிறிய விஷயம் இல்லை. அதே ஆய்வில் நோயெதிர்ப்பு அளவு மீறித் தன் உடம்பையே தாக்கிய பக்கவிளைவுகளும் வந்தன, ஒருவர் இறந்தும் போனார்.

எனக்கு மறக்க முடியாத பாடம் ஜப்பானிலிருந்து வந்தது. தென்மேற்கு ஜப்பானில், குறிப்பாக கியூஷூ தீவில், எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் தாய்ப்பால் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அது தொற்றியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து ஏடிஎல் என்ற டி செல் லுகேமியா வரும். 1977-ல் தகாட்சுகியின் குழு அதைத் தனி நோயாக விவரித்தது. அந்தப் புற்றுச் செல்களைப் பார்த்தால் பலருக்கு அவை டி-ரெக் ஜாடையிலேயே இருக்கும்: சிடி25, ஃபாக்ஸ்பி3, சிசிஆர்4 என்ற அடையாளங்கள் எல்லாம் உண்டு. சிசிஆர்4-ஐக் குறிவைக்கும் மோகாமுலிசுமாப் மருந்து 2012-ல் அங்கே அனுமதிக்கப்பட்டது, நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நல்ல டி-ரெக் மேலும் சிசிஆர்4 இருக்கிறது. மருந்து இரண்டையும் சேர்த்தே துடைத்தது. அந்த மருந்து போட்டுக்கொண்டு, சீக்கிரமே டிரான்ஸ்பிளான்டுக்குப் போனவர்களுக்கு டோனர் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் ஜிவிஹெச்டி கடுமையாக வந்தது, ஸ்டீராய்டுக்கும் அடங்கவில்லை, இறப்பு கூடியது. 2016-ல் அந்த விவரம் வெளியான பின், மருந்துக்கும் டிரான்ஸ்பிளான்டுக்கும் நடுவே போதிய இடைவெளி விடுவதைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். டிரான்ஸ்பிளான்ட் வாசலில் நிற்கும் ஒருவரின் டி-ரெக்கை ஏன் யோசிக்காமல் துடைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜிவிஹெச்டி என்ற வார்த்தையை டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். டோனரின் டி செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலை அந்நியமாக நினைத்துத் தாக்குவது அது. அதே டோனர் டி செல்கள்தான் ஒளிந்திருக்கும் லுகேமியாவையும் தேடிக் கொல்கின்றன. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றும் சேர்ந்தே வருகிறது, டிரான்ஸ்பிளான்ட்டின் பழைய தலைவலி இது. இங்கேதான் டி-ரெக் கட்சி மாறுகிறது. 2003-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளில் பார்த்தார்கள்: டோனரின் டி-ரெக் செல்களைச் சேர்த்துக் கொடுத்தால் ஜிவிஹெச்டி அடங்குகிறது, லுகேமியா மீதான தாக்குதல் நிற்பதில்லை. 2006-ல், மனிதர்களிலும், டோனரிடம் டி-ரெக் அதிகம் இருந்தால் நோயாளிக்கு ஜிவிஹெச்டி குறைவு என்று தெரிந்தது.

இத்தாலியின் பெரூஜியாவில் அதை நேரடியாகச் செய்து பார்த்தார்கள். உங்கள் தம்பி மாதிரியே பாதிப் பொருத்த டோனர், அபாயம் கூடிய ரத்தப் புற்றுநோய், 28 நோயாளிகள். டோனரின் டி-ரெக்கை முதலில் ஏற்றி, சில நாள் கழித்து ஸ்டெம் செல்லையும் சாதாரண டி செல்லையும் ஏற்றினார்கள். டிரான்ஸ்பிளான்டுக்குப் பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. செல் ஒட்டிக்கொண்ட 26 பேரில் கவலைப்படும் அளவுக்கு உடனடி ஜிவிஹெச்டி வந்தது இருவருக்கு மட்டுமே. அது 2011. தொற்றுகளால் இழப்பு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2014-ல் 43 பேரின் விவரம் வந்தபோது நோய் திரும்பியது மிக மிகக் குறைவு. டி-ரெக் கொடுத்தால் லுகேமியாவும் தப்பித்துவிடுமே என்று பயந்தவர்களுக்கு அது நல்ல செய்தி.

உங்கள் தம்பிக்கு டி-ரெக்கைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கப் போவதில்லை. அதற்கான ஆய்வகமும் செலவும் எல்லா இடத்திலும் கிடையாது. உங்கள் ஊரில் பாதிப் பொருத்தத்துக்குச் செய்வது பெரும்பாலும் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லஸ்னிக், ஃபுக்ஸ் ஆகியோர் வளர்த்த முறைதான்: டிரான்ஸ்பிளான்ட் முடிந்து மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோஃபாஸ்ஃபமைட், கிலோவுக்கு 50 மில்லிகிராம். பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும், விலை குறைந்த பழைய மருந்து. அது செய்யும் வேலையைப் பார்த்தால் மனசு நிறையும். உங்கள் டி செல்கள் உள்ளே போனதும், தம்பியின் உடம்பை அந்நியம் என்று பார்த்து வெறியோடு பெருகத் தொடங்கும் செல்கள்தான் மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும். மருந்து முதலில் அடிப்பது அவற்றைத்தான். டி-ரெக் மட்டும் ஆல்டிஹைட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கூட்டிக்கொண்டு அந்த மருந்தைச் செரித்துவிடுகிறது. ஸ்டெம் செல்களும் அதே நொதியால்தான் பிழைக்கின்றன. நொதியைத் தடுத்துப் பார்த்தபோது டி-ரெக் தப்பிக்கவில்லை என்று 2013-ல் காட்டினார்கள். அதாவது அந்த இரண்டு நாள் மருந்துக்குப் பின் தம்பிக்குள் எழுந்து நிற்பவற்றில் உங்கள் டி-ரெக்கும் இருக்கும். அவரது குடலையும் தோலையும் காப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பின்னாளில் நாட்பட்ட ஜிவிஹெச்டி வந்தாலும் இதே செல்லைத்தான் தேடுகிறார்கள். 2011-ல் பாஸ்டனில் ஸ்டீராய்டுக்கு அடங்காத நோயாளிகளுக்கு ஐஎல்-2-ஐ மிகக் குறைந்த அளவில் தினமும் போட்டுப் பார்த்தார்கள். நான் முன்னே சொன்ன கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்: சோறு கொஞ்சமாக இருந்தால் அது கொக்கி அதிகம் இருப்பவனுக்கே போய்ச் சேரும். டி-ரெக் பல மடங்கு பெருகியது, கணக்கில் எடுத்த 23 பேரில் 12 பேருக்கு நல்ல முன்னேற்றம். யாருக்கும் புற்றுநோய் திரும்பவில்லை. இதே ஐஎல்-2-ஐ ஏஎம்எல் ரெமிஷனில், லுகேமியாவுக்கு எதிராக எதிர்ப்பைத் தூண்டத் தனி மருந்தாகக் கொடுத்த பழைய சோதனைகள் பலன் தரவில்லை. தூண்டப் போனது ஒன்று, கொழுத்தது இன்னொன்று.

நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்க ஏற்றும் கார்-டி சிகிச்சை பற்றியும் நீங்கள் லேசாகக் கேட்டிருந்தீர்கள். அதில் டி-ரெக் தொந்தரவுதான். லிம்ஃபோமாவுக்குக் கார்-டி பெற்றவர்களில், ஏற்றிய செல்களிலேயே டி-ரெக் தன்மை உள்ளவை அதிகம் இருந்தால் நோய் திரும்பியது என்று 2022-ல் ஆய்வுகள் வந்தன. ஆனால் இப்போது தம்பிக்கு அந்தப் பேச்சு இல்லை, விட்டுவிடலாம்.

சீந்தில் பொடிக்கு வருவோம். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் 'எதிர்ப்பு சக்தி' என்று ஒரே ஒரு பானை இல்லை, அதில் தண்ணீர் ஊற்றி மட்டத்தை உயர்த்த. மேலே சொன்னதெல்லாம் அதற்குத்தான். எந்தச் செல் கூடும் என்று தெரியாமல் எதையும் கிளறக் கூடாத மாதங்கள் இவை. கோவிட் காலத்தில் மும்பையில் சீந்தில் குடித்தவர்கள் சிலருக்கு, தன்னுடல் தாக்குதல் போன்ற கல்லீரல் அழற்சி வந்ததை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கல்லீரல் கெட்டால் டிரான்ஸ்பிளான்ட் தேதியே தள்ளிப்போகும். அதோடு, வெள்ளையணு இறங்கியிருக்கும்போது வேர்ப்பொடி, இலைப்பொடிகளில் இருக்கும் பூஞ்சை வித்துகளே போதும், நுரையீரலுக்கு ஆபத்து. டிரான்ஸ்பிளான்டுக்குப் பின் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து கொடுப்பார்கள். அப்போது பம்பளிமாஸ் பழம்கூட ஆகாது, அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். வீட்டில் இதை இப்போதே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், ஆசையாக யாராவது வாங்கி வந்துவிடுவார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது டி-ரெக் பற்றிக் கேட்பதைவிட எம்ஆர்டி பற்றிக் கேளுங்கள். மைக்ரோஸ்கோப்பில் தெரியாத அளவு மிச்சமிருக்கும் லுகேமியாவைத் தேடும் டெஸ்ட் அது. ஃப்ளோவில் பார்த்தால் 0.1 சதவீதம் என்பது வழக்கமான எல்லைக்கோடு. தம்பிக்கு நோய் திரும்பும் வாய்ப்பை மதிப்பிடவும், அதற்கேற்ப முன்னேற்பாடு செய்யவும் டாக்டருக்கு உதவும் எண் அதுதான். டிரான்ஸ்பிளான்டுக்குப் பின் உங்கள் செல் எத்தனை சதவீதம் பிடித்திருக்கிறது என்று காட்டும் கைமெரிசம் டெஸ்ட் எப்போது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களைப் பற்றி. நீங்களும் பொடி, கஷாயம் எதுவும் எடுக்க வேண்டாம். ரத்தக் குழாய் வழியாக ஸ்டெம் செல் எடுப்பதாக இருந்தால் அதற்கு முன் நான்கைந்து நாள், ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். இடுப்பும் முதுகும் வலிக்கும், மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது. டாக்டர் சொல்லும் மாத்திரை போட்டால் தாங்கிக்கொள்ளலாம். எடுக்கும் நாளில் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நான்கைந்து மணி நேரம் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் கலப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டோரம், விரல் நுனியில் மதமதவென்று இருக்கும். பொறுத்துக்கொண்டு கிடக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், கால்சியம் கொடுத்ததும் அடங்கிவிடும். பக்கத்தில் தொங்கும் பையில் இளஞ்சிவப்பாகச் சேர்வதைப் பார்ப்பீர்கள். தம்பிக்கு வேண்டிய ஸ்டெம் செல், லுகேமியாவைத் தேடப் போகும் டி செல், அதைக் கட்டுக்குள் வைக்கப் போகும் டி-ரெக் எல்லாம் அந்த ஒரு பையில்தான் இருக்கும்.